சார் இறந்த அன்று ஒரு அப்பீல்

கம்ப்யூட்டரில் எதை எங்கே அமுக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் ஓடியது. கேஸ் கட்டைச் சுமந்துகொண்டு கவுண்டரில் நின்றது பாதிக் காலம். ஈ-பைலிங் வந்த பிறகு ஸ்கேனர் முன்னால் நின்றது மீதிக் காலம். இப்போது வீட்டில் இருக்கிறேன்.

குமாஸ்தா வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள், ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். எனக்கு நிறைய எழுத வராது. ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். அந்த நாளும் அதற்கு மறுநாளும்.

எங்கள் வக்கீல் சாருக்கு மூன்று பழக்கம் இருந்தது. முதலாவது, வக்காலத்துப் பத்திரத்தில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கும். ஆபீசில் சாந்தி என்று ஒரு ஜூனியர் வக்கீலம்மா இருந்தார். அவர் பெயரைச் சேர்க்க மாட்டார். "கட்சிக்காரங்க என்னைய நம்பித்தான் வாராங்க. நாளைக்கு ஒண்ணுன்னா எம்பேருதான் பதில் சொல்லணும்" என்பார்.

இரண்டாவது, ஈ-பைலிங்கில் கட்சிக்காரரின் போன் நம்பர் என்று ஒரு கட்டம் வரும். அதிலும் தன் நம்பரையே போடச் சொல்வார். கட்சிக்காரர்கள் மாசத்துக்கு ஒரு சிம் மாற்றுவார்கள். வாய்தா மெசேஜ் இங்கிலீஷில் வரும். லோன்காரன் அனுப்பியது என்று நினைத்து அழித்துவிடுவார்கள். அதனால் எல்லா மெசேஜும் சார் போனுக்கே வரட்டும் என்று வைத்திருந்தார். நம் பக்கத்து ஆபீஸ்கள் பலவற்றில் இன்றைக்கும் அப்படித்தான்.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஏற்றி முடித்தாலும் கடைசிப் பொத்தானைச் சாயங்காலம் அமுக்க மாட்டார். காலையில் ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் அமுக்குவார்.

மூன்றும் நல்ல பழக்கம்தான். அவர் இருக்கும்வரைக்கும்.

வன்னியம்பட்டி பேச்சியம்மாளுக்கு ஒரு வீடு. தகரம் போட்ட இரண்டு அறை. புருஷன் இல்லை. புருஷனின் தம்பி, இடம் என் பட்டாவில் இருக்கிறது என்று வழக்குப் போட்டுக் கீழ்க்கோர்ட்டில் ஜெயித்துவிட்டான். வீட்டைக் காலி செய்து அவனிடம் ஒப்படைக்க உத்தரவும் வாங்கிவிட்டான். அப்பீல் செய்யத் தீர்ப்பின் நகல் வேண்டும். அது எங்கள் கைக்கு வந்தபோது நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அது கழிந்தால் மறுநாள் காலையில் உத்தரவை நிறைவேற்றக் கோர்ட்டு அமீனா வந்துவிடுவார். அந்த ஒரு நாளுக்குள் அப்பீலைப் போட்டு, ஜட்ஜ் முன்னால் நின்று தடை வாங்கியாக வேண்டும்.

நகல் வந்த அன்றே சார் உட்கார்ந்து அப்பீலைத் தயார் செய்தார். நான் ஸ்கேன் எடுத்தேன். சாந்தியம்மா ஏற்றினார். பொத்தான் ஒன்றுதான் பாக்கி.

"காலையில ஒரு தடவ பாத்துட்டு அமுக்கிக்கிடுவோம். கோர்ட்டு எடுத்ததும் தடை கேட்டுருவோம்" என்று சொல்லிவிட்டு ராஜபாளையத்துக்கு வீட்டுக்குப் போனார்.

விடிவதற்குள் நெஞ்சு வலி. போய்விட்டார்.

சாந்தியம்மாதான் எனக்குப் போன் போட்டுச் சொன்னார். அழுதார். நான் அழவில்லை. எனக்கு அப்படி வராது. செத்த நேரம் கழித்து அவரே கேட்டார்.

"அண்ணே, பேச்சியம்மா அப்பீல் சார் லாகின்லதான கெடக்கு?"

"ஆமாம்மா."

"பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். ஆனா ஓடிபி சார் போனுக்குத்தான் வரும்."

"நான் ராஜபாளையம் போறேன்."

"நான் ஆபீசத் தொறந்து வைக்கேன்."

அவ்வளவுதான் பேசினோம். நான் பஸ் ஏறினேன். சார் இறந்தது ஊருக்குத் தெரியும், கோர்ட்டுக்குத் தெரியும். மிஷினுக்குத் தெரியாது. அதற்கு அந்த நம்பரைச் சொன்னால் போதும், அப்பீலை வாங்கிக்கொள்ளும்.

வீட்டில் சாரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். சபைக்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். சாரின் சம்சாரம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சாரின் போன். சொந்தக்காரர்களுக்கு அதிலிருந்துதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சாரைப் பார்த்தேன். கும்பிட்டேன். என்னுடைய போன் அடித்தது. எடுத்து வாசல் பக்கம் போனேன்.

"அண்ணே, போயிட்டீங்களா? ஓடிபி அனுப்பிட்டேன். சார் போன்ல வந்திருக்கும். கேட்டுச் சொல்லுங்க. கொஞ்ச நேரத்துல செத்துப் போயிரும்" என்றார் சாந்தியம்மா. நம்பர் காலாவதியாகிவிடும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். சொல்லிவிட்டு அவருக்கே என்னவோ போல ஆகிவிட்டது.

நான் திரும்பி வந்தபோது டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன நம்பருங்க, இப்ப வந்திருக்கு?"

நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன். ஒரு அப்பீல் இருக்கிறது, நாளைக்கு அமீனா வருகிறார், இந்த நம்பரைச் சொன்னால் இப்போதே பைல் ஆகிவிடும் என்றேன். சொன்னால் எழுதிக்கொள்ள பேனாவைக் கையில் எடுத்து வைத்திருந்தேன்.

"யாரு பைல் பண்ணினதா ஆகும்?"

"சார் பண்ணினதா ஆகும் டீச்சர்."

"எப்ப?"

"இப்ப."

அவர் பெட்டியைப் பார்த்தார்.

"இப்பன்னா, அவிய இங்கல்ல படுத்திருக்காவ."

மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு எதிர்க்கட்சி வக்கீலு, செத்த மனுசன் எப்படி பைல் பண்ணுனான்னு கேட்டா?"

"கேட்டா அப்பீலே விழுந்தாலும் விழும்."

"சாந்திக்கு?"

"அவங்க வக்கீல் சன்னதுக்கும் கெடுதல்தான்."

டீச்சர் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். கோபம் ஒன்றும் இல்லை.

"வேற வழி பாருங்க" என்றார்.

வேறு வழி ஒன்று இருந்தது. பேச்சியம்மாளிடம் சாந்தியம்மா பெயருக்குப் புது வக்காலத்து வாங்கி, சாந்தியம்மா லாகினில் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். வெற்று வக்காலத்து என் பையில் எப்போதும் இருக்கும். பேச்சியம்மாளை எங்கே போய்த் தேடுவது என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். விடிந்ததிலிருந்து அவர் போனை எடுக்கவில்லை.

"அய்யா, என் கேசா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பேச்சியம்மாள். சுவர் ஓரமாகப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாராம்.

"எப்ப வந்திய? ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? போனையும் எடுக்கல."

"போனு வீட்ல கெடக்கு. எளவு வீட்ல வந்து என் கேசு என்னாச்சுன்னு எப்படிய்யா கேக்க? அம்மா மொகத்தப் பாத்து எப்படிக் கேக்க?"

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து அதன்மேல் வக்காலத்தை வைத்தேன். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் போட்டார். பாட்டு நின்று ஜெபம் ஆரம்பித்தது. டீச்சர் கண்ணை மூடவில்லை. கையெழுத்து முடிகிறவரை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினோம். வழியில் பேச்சியம்மாள் ஒன்றுதான் கேட்டார்.

"எளவு வீட்ல இருந்து வாரேன். தலைக்கு ஊத்தாம கோர்ட்டுக்குள்ள வரலாமாய்யா?"

"வரலாம்."

ஆபீசில் சாந்தியம்மா எல்லாவற்றையும் தன் லாகினில் ஏற்றினார். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை வெளியே தள்ளிவிட்டது. மறுபடி ஏற்றினார். கட்சிக்காரர் போன் நம்பர் என்ற கட்டம் வந்தது. பழக்கத்தில் சார் நம்பரை அடித்தார். பாதியில் கை நின்றது. அழித்துவிட்டு, "உங்க நம்பரச் சொல்லுங்கம்மா" என்றார். பேச்சியம்மாள் மனப்பாடமாகச் சொன்னார். பைல் ஆனது.

நான் கோர்ட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் நல்ல மாதிரி. "வந்துருச்சு, பாத்துட்டேன். வக்கீலம்மா உள்ள வந்து ஜட்ஜய்யாட்ட ஒரு வார்த்த அவசரம்னு சொல்லட்டும். இன்னைக்கே நம்பர் போட்டு மேல வச்சுருதேன். அவங்க வந்து சொல்லாம நான் வைக்க முடியாது" என்றார்.

ஒரு வார்த்தை. அதுதான் பாக்கி.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் தெரிந்ததுதான். ஒரு வக்கீல் இறந்துவிட்டால் அன்றைக்கு மற்ற வக்கீல்கள் கோர்ட்டுக்குள் போக மாட்டார்கள். கோர்ட்டு நடக்கும். ஜட்ஜ் உட்கார்ந்திருப்பார். வழக்குகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய்தா போடுவார். வக்கீல்கள் வெளியே நிற்பார்கள். அது போனவருக்குச் செய்கிற மரியாதை. எங்கள் சாரும் எத்தனையோ பேருக்கு அப்படி வெளியே நின்றவர்தான்.

சாந்தியம்மா கவுனைக் கையில் போட்டுக்கொண்டு, கட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தார். பின்னால் நான். எனக்குப் பின்னால் பேச்சியம்மாள். படிக்கட்டுப் பக்கம் நாலைந்து சீனியர் வக்கீல்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் சாரோடு டீ குடித்தவர்கள். சாயங்காலம் அடக்கத்துக்கு எந்தக் காரில் யார் போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா சாந்தி. ஒங்க சாருக்கு இன்னும் மண்ணு விழல. அதுக்குள்ள கட்டத் தூக்கிட்ட?"

"நாளைக்குக் காலையில வீடு டெலிவரி சார், அமீனா வாராரு. அவசரம்னு ஜட்ஜய்யாட்ட ஒரு மென்ஷன் மட்டும் பண்ணிட்டு வந்துருதேன்."

இன்னொருவர் பேச்சியம்மாளைப் பார்த்துவிட்டு, "கட்டு மட்டும் இல்லங்க, கட்சிக்காரியவும் கையோட கூட்டியாந்துட்டா. ஆபீசு கைமாறிட்டு போலுக்கு" என்றார். ஒருவர் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார்.

சாந்தியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

முதலில் பேசியவர் வயதில் மூத்தவர். அவர் தன்மையாகத்தான் சொன்னார். "இங்க பாரும்மா. அவரு மேல இருக்கிற மரியாதைக்குத்தான நாங்க அம்புட்டு பேரும் வெளிய நிக்கோம். அவரு ஜூனியரு நீயே உள்ள போனா நாங்க எதுக்கு நிக்கணும்? போறதுன்னா போ. நாங்க ஒண்ணும் தடுக்கல."

தடுத்திருந்தால் போயிருப்பார் என்று நினைக்கிறேன். வழியை விட்டு விலகி நின்றார்கள். அதுதான் அவரால் முடியவில்லை. முதல் படியில் ஒரு கால் வைத்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன செய்யண்ணே?"

அது நான் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. உள்ளே போய்ப் பேச வேண்டியவர் அவர். நாளைக்கும் அதற்கடுத்த நாளும் இந்த மனிதர்களோடு அதே வராந்தாவில் நிற்க வேண்டியவரும் அவர்தான்.

"உங்களுக்கு எது சரியோ அதம்மா" என்றேன்.

காலை எடுத்துவிட்டார். பேச்சியம்மாளிடம் வந்து, "நாளைக்குக் கோர்ட்டு எடுத்ததும் மொத வேலையா ஒங்க கேசுதாம்மா. அமீனா வந்தா நான் போன்ல பேசுதேன். நிப்பாட்டி வைக்கலாம்" என்றார்.

பேச்சியம்மாள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.

"சரி தாயி. மொதல்ல சாருக்கு ஆக வேண்டியதப் பாருங்க."

சாயங்காலம் அடக்கத்துக்கு எல்லாரும் போனோம். பேச்சியம்மாளும் வந்து ஒரு பிடி மண் போட்டார். கல்லறையிலிருந்து திரும்பும்போது டீச்சர் சாந்தியம்மாவைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா காரியம் முடிஞ்சுதா?"

"பைல் பண்ணிட்டோம் டீச்சர். தடை நாளைக்குத்தான் கேக்கணும்."

"இன்னைக்குக் கோர்ட்டு இல்லியா?"

"கோர்ட்டு இருந்துச்சு. சாருக்காக நாங்க யாரும் உள்ள போகல."

டீச்சர் கல்லறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவியளுக்காகவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு காரில் ஏறிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் நான் வன்னியம்பட்டிக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே அமீனா வந்திருந்தார். இரண்டு போலீஸ். கொழுந்தன். அவன் கூட்டி வந்த ஆட்கள் நாலு பேர். தெரு முக்கில் ஒரு பொக்லைன் நின்றது. சாமான்கள் பாதி வெளியே வந்துவிட்டன. கட்டில், டிவி, அரிசி டிரம், சாமி படம். பேச்சியம்மாள் டிரம்மின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அமீனா எனக்குப் பழக்கம்.

"வாங்கண்ணே. தடை வச்சிருக்கியளா?"

"அப்பீல் பைல் ஆயிருக்கு."

"பைல் ஆனா எனக்குப் பத்தாதே."

"கோர்ட்டு எடுக்கிற வரைக்கும் நில்லுங்க."

"போலீசு அதுவரைக்கும் நிக்காது. உத்தரவ நெறவேத்தலன்னு எனக்கு மெமோ வரும். சரி, ஒரு டீ குடிக்கிற நேரம் நிக்கேன். ஒங்களுக்காக."

நின்றார். சாந்தியம்மா போனில் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தடை கையில இருந்தா அனுப்புங்கம்மா, உடனே போயிருதேன்" என்றார் அமீனா.

அப்போது பேச்சியம்மாளின் போனில் சத்தம் வந்தது. முந்தின நாள் மத்தியானம் வர வேண்டிய மெசேஜ். அந்தப் பக்கம் டவர் வரும், போகும். கோர்ட்டிலிருந்து அவர் நம்பருக்கு வந்த முதல் மெசேஜ் அதுதான். இங்கிலீஷில் இருந்தது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் அவர் போனை அமீனாவிடம் நீட்டிவிட்டார்.

"இதுல என்ன சார் போட்டிருக்கு? நிப்பாட்டச் சொல்லியிருக்கா?"

அமீனா வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார்.

"ஒங்க அப்பீல் வந்து சேந்துருச்சுன்னு போட்டிருக்கும்மா."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

போனைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார். மீதிச் சாமான்களும் வெளியே வந்தன. கதவைப் பூட்டிச் சாவியைக் கொழுந்தனிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். அவர் ஜீப் தெருவைத் தாண்டவில்லை, பொக்லைன் உள்ளே வந்துவிட்டது. தகர வீடு. அதிக நேரம் ஆகவில்லை.

இனி உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது. வக்காலத்தில் இரண்டு வக்கீல் பெயர் இருக்கும்படி பாருங்கள். அந்தக் கட்டத்தில் கட்சிக்காரர் நம்பரையே போடுங்கள், மெசேஜை அவர்களுக்கு வாசித்துக் காட்டிப் பழக்குங்கள். தயாரானதைக் காலைக்கு என்று வைக்காதீர்கள். இதெல்லாம் எளிது. இதற்கு நான் தேவையில்லை.

மற்றதுதான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டீச்சர் பொய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை, அது சரி. படியில் நின்றவர்கள் சாரை மதித்தவர்கள், அதுவும் மெய். சாந்தியம்மா ஒரு நாளைக்குள் குருவையும் இழந்து, பெயரையும் இழக்கப் பயந்தார். நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீடு இல்லை.

சாந்தியம்மா இப்போது அங்கே பெரிய வக்கீல். யார் இறந்தாலும் அன்றைக்குக் கட்சிக்காரருக்கு அவசரம் என்றால் கவுனை மாட்டிக்கொண்டு படியேறி உள்ளே போய்விடுவார். ஈரமில்லாதவள் என்று பேசுகிறார்கள். அவர் காதில் விழுந்திருக்கும். நான் ஓய்வு பெறும்வரை அவருக்குப் பின்னால் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு தடவைகூட அவர் அந்தப் படியில் நின்று பார்த்ததில்லை.

அந்த அப்பீல் இன்னும் முடியவில்லை.

வீடு விழுந்த அன்று நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். கோர்ட்டு எடுத்ததும் சாந்தியம்மா ஜட்ஜ் முன்னால் நின்றார். எதிர்க்கட்சி வக்கீல், இடம் எங்கள் கைக்கு வந்துவிட்டது என்றார். ஜட்ஜ் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, மறு உத்தரவு வரும்வரை இப்போது இருக்கிற நிலைமை அப்படியே இருக்கட்டும் என்று எழுதினார்.

சாயங்காலம் அதைச் சொல்ல வன்னியம்பட்டிக்குப் போனேன். பேச்சியம்மாள் இடிந்து கிடந்த செங்கல்லுக்குள்ளிருந்து ஒரு தகரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். ரோட்டோரம் சாமான்கள் கிடந்தன. மேற்கே மழை கட்டியிருந்தது. ராத்திரிக்கு மேலே போட ஏதாவது வேண்டும்.

"மெசேஜ் வந்துச்சுய்யா. என்ன போட்டிருக்கு?"

"இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும்னு கோர்ட்டு சொல்லியிருக்கு. ரெண்டு பேரும் எதையும் தொடக் கூடாது."

அவர் கை நின்றது. தகரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப இத எடுக்கக் கூடாதாய்யா?"

உத்தரவுப்படி எடுக்கக் கூடாது. நான் பையைக் கீழே வைத்துவிட்டு, தகரத்தின் மறுமுனையைப் பிடித்தேன்.